தறிச் சத்தத்தில் வளர்ந்த காதுக்கு

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டை எங்கள் வீடு. அப்பா நான்கு விசைத்தறி ஓட்டுகிறார். நான் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வாரம் முழுக்க மலையில் இருப்பேன், சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து வீட்டுக்கு வருவேன். பெங்களூரில் இருக்கும் கல்லூரித் தோழி இரண்டு பட்டியல் அனுப்பினாள். பார்க்க வேண்டிய படங்கள் நூறு, கேட்க வேண்டிய நாட்டுப்புற இசை ஆல்பங்கள் நூறு. முதலில் ‘ஸ்டாக்கர்’ போட்டேன். தண்டவாளத்தில் வண்டி போகிற இடத்தில் தூங்கிவிட்டேன். சின்ன வயதில் அம்மாயியோடு விடிய விடியக் கூத்து பார்த்தபோது தூங்காத எனக்கு இப்போது ரசனை போய்விட்டதா? சேலத்தில் இருந்தால் இதெல்லாம் பழக வழியில்லை என்கிறாள் தோழி. நூறு வேண்டாம். உங்கள் வீட்டுப் பெண்ணுக்குச் சொல்வதுபோல் கொஞ்சம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் அம்மாவும் கூட உட்காருவார். இன்னொன்று, எஸ்டேட்டில் பழம் பறிக்கும் ஒரு பாட்டி வேலையோடு வேலையாகப் பாடுவார். மலைக் கிராமத்துப் பாட்டு. அதைப் போனில் பதிவு செய்யலாமா?
(27 வயது வாசகி, ஏற்காடு)

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் பயம் அந்தத் தூக்கத்தில்தான் இருக்கிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

‘ஸ்டாக்கர்’ ரஷ்ய இயக்குநர் தார்கோவ்ஸ்கியின் படம், 1979இல் வந்தது. 160 நிமிடத்துக்கு மேல் ஓடும். நீங்கள் தூங்கிய இடத்தில் மூன்று பேர் ஒரு சின்ன ரயில் டிராலியில் போகிறார்கள். கேமரா அவர்களுடைய பிடரியையும் கன்னத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கும். கேட்பதெல்லாம் சக்கரம் தண்டவாள இணைப்பில் தட்டும் ஓசை. ஒரே சீராகத் தட்டிக்கொண்டு வந்து, மெல்ல எதிரொலி ஏறி, எதுவார்த் அர்தேமியெவின் மின்னிசையாக ஆகிவிடும். எந்தத் தட்டலில் மாறியது என்று எத்தனை முறை கேட்டாலும் பிடிபடாது. ஒலிப்பதிவுத் தொழிலில் இருக்கிற எங்களுக்கு அது ஒரு பாடம். தறி ஓடும் வீட்டில் குழந்தைகள் அந்தச் சத்தத்தில்தான் தூங்கும், கரண்ட் போய்த் தறி நின்றால்தான் எழுந்துகொள்ளும். அப்படி வளர்ந்தவருக்குச் சீரான இரும்பு ஓசையில் கண் அசந்தால் அதற்குப் பெயர் ரசனைக் குறைவு இல்லை. பகல் முழுக்கக் கணக்கு பார்த்துவிட்டு, இரவில் உள்ளங்கை அகலத் திரையில், முதல் படமாக அதைப் போட்டதுதான் பொருந்தவில்லை. ஒரு வருஷம் எடுத்து வையுங்கள்.

கூத்தைப் பற்றி ஒரே வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே பெரிய விஷயம் அதுதான். நம் பக்கத்துக் கூத்தில் ஒரு ராஜா சபைக்கு வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். திரைக்குப் பின்னால் நின்று பாடிக்கொண்டே இருப்பார். சலங்கை கேட்கும். முகவீணை இழுக்கும், மிருதங்கம் கூடவே போகும். திரை ஆடும், கிரீடத்தின் நுனி தெரியும், திரும்பவும் மறையும். ஆள் முழுசாக வெளியே வருவதற்குள் குழந்தைகள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். யாரும் ‘சீக்கிரம் வா’ என்று கத்துவதில்லை. அந்தக் காத்திருப்பில் உட்கார்ந்து பழகியவருக்கு மெதுவாக நகரும் படம் புதிய விஷயமே இல்லை. அம்மாயி பக்கத்தில் இருந்தார், ராத்திரி முழுக்க வேறு வேலை இல்லை, சத்தம் நேராகக் காதில் விழுந்தது. அந்த மூன்றும் திரும்பக் கிடைத்தால் போதும்.

அதனால் படத்தின் பெயர்களுக்கு முன்னால் எப்படிப் பார்ப்பது என்று சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிப் படங்களில் பாதி வேலை ஒலியில் நடக்கிறது. பின்னணி இசை குறைவாக இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. அப்போது காற்று, செருப்பு, தூரத்து ஆட்டுக்குட்டி எல்லாம்தான் கதை சொல்லும். போனின் ஸ்பீக்கரில் அவை வராது. டிவியின் ஸ்பீக்கரிலும் கொஞ்சம்தான் வரும். சாதாரண வயர் இயர்போன் போதும், காதில் நன்றாகப் பொருந்த வேண்டும். ஏற்காட்டில் சிக்னல் விட்டு விட்டு வரும். சுற்றிக்கொண்டே நிற்கும் படத்தைப் பார்ப்பதைவிட ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொண்டு மேலே போங்கள். ஒரே அமர்வில் பாருங்கள். விமர்சனத்தைப் பிறகு படிக்கலாம்.

முதல் படம் ‘கூழாங்கல்’. பி.எஸ்.வினோத்ராஜ் எடுத்தது, 75 நிமிடம்தான். 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. ஆனால் விருதுக்காக அதைச் சொல்லவில்லை. கோபக்கார அப்பன், பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்துவரப்பட்ட மகன். கதையின் பெரும்பகுதி இரண்டு பேரும் வெயிலில் ஊருக்கு நடந்து திரும்புவதுதான். மேலூர்ப் பக்கத்துப் பொட்டல். பையன் என்ன நினைக்கிறான் என்று ஒரு வசனமும் சொல்லாது, அவன் நடக்கிற தூரம் சொல்லும். அப்பனுக்கும் அவனுக்கும் நடுவில் எத்தனை அடி இடைவெளி விடுகிறான் என்று கவனியுங்கள். கடைசியில் தண்ணீருக்காகப் பெண்கள் காத்திருக்கும் காட்சி ஒன்று உண்டு. ஊற்று எவ்வளவு மெதுவாக ஊறுகிறதோ அவ்வளவு மெதுவாக அந்தக் காட்சி போகும். அவசரப்பட்டு ஓட்டிவிடாதீர்கள். அந்த வேகம் அங்கே இருக்கிற வறட்சியின் வேகம். படம் சோனி லிவ்வில் வெளியானது.

அது பிடித்தால் அதே இயக்குநரின் ‘கொட்டுக்காளி’, 2024. அதில் பின்னணி இசை இல்லை. குடும்பமே ஒரு ஷேர் ஆட்டோவிலும் பைக்குகளிலும் ஒரு பெண்ணைப் பேயோட்டக் கூட்டிப்போகிறது. அந்தப் பெண்ணாக அன்னா பென் படம் முழுக்கக் கிட்டத்தட்ட பேசுவதே இல்லை. சுற்றி எல்லோரும் கத்திக்கொண்டிருக்க, ஒரு ஆள் பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய சத்தம் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல படம் தமிழில் எனக்குத் தெரியாது. இதைத் தனியாகப் பாருங்கள். அம்மாவோடு பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் தடவை தனியாகப் பார்த்துவிட்டால் இரண்டாம் தடவை அம்மாவிடம் பேச விஷயம் இருக்கும்.

மூன்றாவது நம் பக்கத்துப் படம், ‘சேத்துமான்’. பெருமாள்முருகனின் ‘வறுகறி’ கதையை வைத்துத் தமிழ் என்ற இயக்குநர் எடுத்தார். பா.ரஞ்சித்தின் நீலம் தயாரிப்பு, 2022இல் அதுவும் சோனி லிவ்வில் வந்தது. கூடை முடையும் ஒரு தாத்தா, அவர் படிக்க வைக்க நினைக்கும் பேரன், பன்றிக்கறி தின்ன ஆசைப்படும் பண்ணையார். கொங்குப் பேச்சை அளந்து சுத்தம் செய்யாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு லாபம் உண்டு. மற்ற ஊர்க்காரர்கள் வசனத்தின் அர்த்தத்தைப் பின்தொடர்ந்துகொண்டிருக்கும்போது, நாம் அந்த இழுப்பில் யார் மேல், யார் கீழ் என்று உடனே கேட்டுவிடுவோம். ‘வாங்க’வும் ‘வாடா’வும் யார் வாயிலிருந்து யாருக்குப் போகிறது என்பதிலேயே சாதி முழுக்க இருக்கிறது.

இந்தப் படத்துக்கு இசை பிந்துமாலினி. அங்கிருந்துதான் பட்டியல் இல்லாமல் நகரும் வழி திறக்கிறது. படத்தில் ஒரு குரலோ இசையோ பிடித்துப்போனால் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போங்கள். பிந்துமாலினி வேதாந்த் பரத்வாஜோடு சேர்ந்து ‘சுனோ பாய்’ என்று ஒரு ஆல்பம் செய்தார், வட இந்தியப் பக்திக் கவி கபீர் முதலானவர்களின் பாடல்கள். ‘அருவி’ படத்துக்கு இசையமைத்ததும் இந்த இருவர்தான். கபீர் பிடித்தால் அடுத்து ஷப்னம் விர்மானியின் ‘ஹத் அன்ஹத்’ என்ற ஆவணப்படம் இருக்கிறது, 2008. கேமராவைத் தூக்கிக்கொண்டு கபீரைப் பாடுகிறவர்களைத் தேடிப் போகிறார், எல்லை தாண்டிப் பாகிஸ்தான் வரை. அதில் பிரஹ்லாத் சிங் திபானியா என்ற நாட்டுப்புறப் பாடகர் தம்பூராவை ஏந்திப் பாடும்போது கூத்து வாத்தியார் ஞாபகம் உங்களுக்கு வந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். ஒரு கொங்குப் படத்தில் தொடங்கி இவ்வளவு தூரம் வந்துவிடலாம். நூறு பெயர் கொண்ட பட்டியலில் இந்த இழை தெரியாது.

பாட்டுக்கு வருகிறேன். என் கை தானாகப் போகிற ஆல்பங்களை மட்டும் சொல்கிறேன்.

அலி ஃபர்கா தூரே, மாலி நாட்டுக்காரர். ஆல்பத்தின் பெயர் ‘நியாஃபுன்கே’, 1999. நியாஃபுன்கே அவருடைய ஊர். அதற்கு முன்பே அவர் உலகம் முழுக்கப் பெயர் வாங்கிவிட்டார், ஆனால் வயலை விட்டு வர மனமில்லை. ஸ்டூடியோவுக்கு வர மாட்டேன் என்றதும், பதிவுக் கருவிகள் ஜெனரேட்டரோடு அவர் ஊருக்கே போயின. கைவிடப்பட்ட ஒரு செங்கல் கட்டடத்தில், விவசாய வேலை முடிந்த நேரங்களில் பதிவானது அந்த ஆல்பம். கிதார், சுரைக்காய் தாளம், ஊர்க்காரர்களின் குரல். மொழி ஒரு வார்த்தை புரியாது. ஆனால் பாடுகிற ஆளுக்கு எங்கும் போகிற அவசரம் இல்லை என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். நல்ல நாட்டுப்புறப் பதிவு எது என்று கேட்டால் நான் இதைத்தான் போட்டுக் காட்டுவேன். பாடகரை அவர் இடத்திலிருந்து பிடுங்காத பதிவு அது. எஸ்டேட்டில் வேலை முடிந்து, விளக்கு போட்டு, ஒரு காப்பி வைத்துக்கொண்டு கேளுங்கள்.

அடுத்தது ‘நாகூர் செஷன்ஸ்’. சென்னையின் எர்த்சிங்க் நிறுவனம் வெளியிட்டது. நாகூர் தர்காவில் பாடும் மூன்று பேரின் சூஃபிப் பாடல்கள். தமிழ் இஸ்லாமியப் பாட்டு என்றால் நாகூர் ஹனிபாவின் கம்பீரக் குரலோடு பலருக்கு நின்றுவிடுகிறது. இவர்கள் வேறு தினுசு. குரல் உடைந்துவிடுமோ என்று நாம் பயப்படுகிற உயரத்தில் போய் நின்று அங்கேயே நிதானமாகப் பாடுவார்கள். சுற்றிச் சேர்த்திருக்கும் புதிய வாத்தியங்களில் ஒன்றிரண்டு எனக்கு அதிகப்படி என்று தோன்றும். அந்த மூன்று குரலுக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம். இவர்களுடைய பாட்டு ‘லயா ப்ராஜெக்ட்’டிலும் உண்டு. 2004 சுனாமி அடித்த ஆறு நாடுகளின் கரையோர மக்களை அவரவர் இடத்திலேயே பாட வைத்துப் பதிவு செய்த ஆல்பமும் படமும் அது.

இங்கிலாந்துக்காரர் நிக் ட்ரேக்கின் ‘பிங்க் மூன்’ உங்கள் தோழியின் பட்டியலில் நிச்சயம் இருக்கும். 1971 அக்டோபரில் இரண்டே இரவுகளில் பதிவானது, 1972இல் வந்தது. 11 பாட்டு, மொத்தமே அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு குரல், ஒரு கிதார். தலைப்புப் பாட்டில் மட்டும் கொஞ்சம் பியானோ. அவர் உயிரோடு இருந்தபோது இதைக் கேட்டவர்கள் மிகக் குறைவு. இதைப் பஸ்ஸில் கேட்காதீர்கள். மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு கியர் மாறும்போது எழும் அந்தத் தாழ்ந்த உறுமல், இப்படிப்பட்ட மெல்லிய குரலை முழுசாக விழுங்கிவிடும். நீங்கள் சத்தத்தைக் கூட்டுவீர்கள், காதுக்குக் கெடுதல். பனி இறங்கிய சாயங்காலம், ஜன்னலைச் சாத்திவிட்டு, அறையில் கேளுங்கள்.

பஸ்ஸுக்கு வேறு இருக்கிறது. தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், 2018இல் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி செய்த குழு. கானாவும் பறையும் ராப்பும் கலந்து நேராக முகத்தில் அடிக்கிற பாட்டு. அப்புறம் ராப் பாடகர் அறிவின் ‘வள்ளியம்மா பேராண்டி’, 2024. அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். எஸ்டேட் கூலிக் கணக்கு எழுதுகிற உங்களுக்கு அந்த வரிகள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் ஆழமாகவே இறங்கும்.

இன்னும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும், சிபில் பையரின் ‘கலர் கிரீன்’. ஜெர்மனியில் 1970களின் தொடக்கத்தில் தன் வீட்டிலேயே ஒரு டேப் ரிக்கார்டரில் பாடி வைத்தார். வெளியிடவில்லை. குடும்பம், குழந்தைகள் என்று வாழ்க்கை போய்விட்டது. முப்பது வருஷத்துக்கும் மேல் கழித்து மகன் அந்த டேப்புகளைக் குடும்பத்துக்காகக் குறுந்தகடாக்க, அது கைமாறி 2006இல் ஆல்பமாக வந்தது. பக்கத்து அறையில் யாரும் எழுந்துவிடக் கூடாது என்பதுபோலப் பாடுகிறார். இதே சிபில் பையர், விம் வெண்டர்ஸ் 1974இல் எடுத்த ‘ஆலிஸ் இன் தி சிட்டீஸ்’ படத்தில் ஒரு சிறு காட்சியில் தோன்றுவார். இந்த ஆல்பத்தைக் கேட்டுப் பழகிவிட்டு அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பாருங்கள். ஒரு இளைஞனும், அவன் பொறுப்பில் விடப்பட்ட சிறுமியும் ஒரு வீட்டுப் புகைப்படத்தை வைத்துக்கொண்டு ஊர் ஊராக அந்த வீட்டைத் தேடுகிற கதை. மெதுவான படம்தான், ஆனால் உங்களுக்கு அதற்குள் அந்த நடை பழகியிருக்கும்.

இவற்றில் ஏதாவது ஒன்று மிகவும் பிடித்துப்போனால் பணம் கொடுத்து வாங்குங்கள். பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் வாங்கினால் டிஜிட்டல் ஆல்பத்தின் விலையில் தளம் எடுப்பது 15 சதவீதம். பணம் செலுத்தும் கட்டணம் போக மீதி பாடகருக்கோ அவருடைய சிறு நிறுவனத்துக்கோ போகும். ஸ்ட்ரீமிங்கில் ஒரு பாட்டை நீங்கள் வருஷம் பூராவும் கேட்டாலும் அவர்கள் கைக்கு அந்த அளவு போகாது.

அம்மாவுக்கு வருகிறேன். அம்மாவிடம் இது உலக சினிமா என்று சொல்லி உட்கார வைக்காதீர்கள். ‘ஒரு படம் இருக்கு, வா’ போதும். முதலில் பாலு மகேந்திராவின் ‘வீடு’, 1988. வேலைக்குப் போகும் ஒரு பெண் சொந்தமாக ஒரு வீடு கட்ட முயல்கிறாள், அவ்வளவுதான் கதை. கடன், மேஸ்திரி, சிமெண்ட், லஞ்சம். வீடு கட்டிய எந்தக் குடும்பமும் இதை விலகி நின்று பார்க்க முடியாது. தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர், பாதி கட்டிய வீட்டைத் தனியாக வந்து சுற்றிப் பார்க்கும் காட்சியில் பேச்சே இல்லை. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்து இசை மட்டும் கூட வரும். அம்மா அந்த இடத்தில் ஏதாவது சொல்வார். அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த விமர்சனத்தைவிடவும் அது உங்களுக்குப் பயன்படும்.

பிறகு லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’, 2018. தேனிப் பக்கத்து ஏலக்காய் மலையில் மூட்டை சுமந்து ஏறி இறங்கும் ஒருவர் துண்டு நிலம் வாங்க நினைக்கிறார். உங்கள் மலையில் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருக்கும், அங்கே ஏலக்காய், அதுதான் வித்தியாசம். நீங்கள் வாரம் முழுக்க எங்கே இருக்கிறீர்கள், யாருடைய பெயர்களை ஏட்டில் எழுதுகிறீர்கள் என்று அம்மாவுக்குக் காட்ட இதுவே நல்ல படம்.

வெளிநாட்டுப் படத்தில் ஒரு சிக்கல், சப்டைட்டில். ஆங்கிலத்தில் வேகமாக ஓடும் எழுத்தை அம்மாவால் பிடிக்க முடியாமல் போகலாம். அப்போது கதை எளிதாகப் பிடிபடும் படமாக எடுத்து, நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். அதற்குக் கியாரோஸ்தமியின் ‘நண்பனின் வீடு எங்கே’ (1987) சரியாக இருக்கும். ஈரானில் ஒரு சிறுவன், கூடப் படிக்கிறவனின் நோட்டுப் புத்தகத்தைத் தவறுதலாக எடுத்துவந்துவிடுகிறான். திருப்பிக் கொடுக்காவிட்டால் நாளைக்கு அவனைப் பள்ளியைவிட்டு அனுப்பிவிடுவார்கள். குன்று ஏறிப் பக்கத்து ஊருக்கு ஓடுகிறான். பெரியவர்கள் பலரும் அவன் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை. ராம் ரெட்டியின் கன்னடப் படம் ‘திதி’யும் சேர்த்துக்கொள்ளலாம். மாண்டியா பக்கத்து ஒரு கிராமம், 101 வயதுக் கிழவர் செத்துப் போக, பதினோராம் நாள் காரியத்துக்குள் மூன்று தலைமுறை ஆண்கள் செய்கிற கூத்து. நடித்தவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்களே. நெசவாளர் தெருக்களில் கன்னடமும் தெலுங்கும் சௌராஷ்டிரமும் கேட்டுப் பழகிய சேலத்துக் காதுக்கு அந்தப் பேச்சு பாதி தானாகவே விளங்கும்.

சேலத்தில் வழியில்லை என்று தோழி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஏற்காடு பஸ் தினமும் தாண்டிப்போகும் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவு 1930களின் நடுவில் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய ஸ்டூடியோவினுடையது. மலையாளத்தின் முதல் பேசும் படம் ‘பாலன்’ (1938) அவர்கள் தயாரிப்பு. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) அவர்கள் எடுத்தது. அவை கலைப்படங்கள் இல்லைதான். ஆனால் படம் என்பது வேறு ஊரில் விளைகிற பொருள் என்று நாம் நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கூத்தும் அப்படியே. மேட்டூர்ப் பக்கம் ஏர்வாடியில் இருந்துகொண்டு ‘மணல்வீடு’ சிற்றிதழை நடத்தும் மு.ஹரிகிருஷ்ணன், களரி அமைப்பின் மூலம் கூத்து, கட்டபொம்மலாட்டம், தோல்பாவைக் கூத்துக் கலைஞர்களோடு வேலை செய்துவருகிறார். நம் மாவட்டத்திலேயே இருக்கிற இந்தக் கலைகளை ஆல்பத்தில் தேட வேண்டாம். மாசி, பங்குனியில் எந்த ஊரில் ஆட்டம் என்று விசாரித்து, அம்மாவையும் கூட்டிக்கொண்டு, ஒரு போர்வையோடு போய் உட்காருங்கள். நூறு ஆல்பத்தில் முப்பதுக்கான தேவையாவது குறைந்துவிடும்.

கடைசியாகப் பாட்டியின் பாட்டு. எனக்கு இந்தக் கேள்விதான் மிகவும் பிடித்தது. பதிவு செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு விஷயம். நீங்கள் அந்த எஸ்டேட்டில் கூலிக் கணக்கு எழுதுகிறவர். நீங்கள் போனை நீட்டி ‘பாட்டி, பாடுங்க’ என்றால், பிடிக்காவிட்டாலும் ‘வேண்டாம்’ என்று சொல்ல அவருக்குத் தயக்கமாக இருக்கும். அதனால் அலுவலகத்திலோ எடைபோடும் இடத்திலோ கேட்காதீர்கள். ஒரு வாரம் கழித்து, அவர் வீட்டுப் பக்கம் போய், வீட்டுக்காரர்கள் இருக்கும்போது கேளுங்கள். ‘யோசிச்சுச் சொல்லுங்க’ என்று விட்டுவிட்டு வந்துவிடுங்கள். பதிவு செய்ய ஒரு சம்மதம், பிறருக்குப் போட்டுக் காட்ட இன்னொரு சம்மதம். இரண்டும் தனித்தனி. கிலோ கணக்கில் கூலி என்றால் பறிக்கும் நேரத்தில் உங்களால் ஒரு கூடை குறையக் கூடாது. குறைந்தால் அதற்கான பணம் உங்கள் கையிலிருந்து போக வேண்டும். ஒப்பாரியைச் சும்மா பாடச் சொல்லாதீர்கள். சாவில்லாத வீட்டில் அதைப் பாடுவதைப் பலர் அபசகுனமாக நினைப்பார்கள்.

1959இல் ஆலன் லோமாக்ஸும் ஷெர்லி காலின்ஸும் அமெரிக்காவின் தெற்கில் பாட்டு பதிவு செய்துகொண்டே போனபோது, மிசிசிப்பியில் கோமோ என்ற ஊருக்கு வந்தார்கள். வயல் வேலை முடித்துவிட்டுக் கிதாரோடு வந்தார் ஃப்ரெட் மெக்டவல் என்ற விவசாயி. அதுவரை அவரை யாரும் பதிவு செய்ததில்லை. அவருடைய சகோதரி சீப்பில் காகிதம் வைத்து ஊதினார். இரவில் வீட்டுத் தாழ்வாரத்தில் நடந்த பதிவு. அந்தப் பெயர் பாட்டோடு சேர்ந்தே வெளியே போனதால் மெக்டவல் பிறகு தன் பெயரிலேயே ஆல்பங்கள் செய்தார், கச்சேரிகளுக்குப் போனார். நம் ஊர்ப் பதிவுகள் எத்தனையோவற்றில் ‘கிராமியப் பாடல், ஒரு மூதாட்டி’ என்று மட்டும் இருக்கிறது. உங்கள் பாட்டிக்கு அது நடக்கக் கூடாது.

இதற்கு முன் முடிந்தால் ‘அப் டவுன் அண்ட் சைடுவேஸ்’ பார்த்துவிடுங்கள். அனுஷ்கா மீனாட்சி, ஈஸ்வர் ஸ்ரீகுமார் இருவரும் நாகாலாந்தின் பெக் கிராமத்தில் எடுத்த ஆவணப்படம், 2017. படிப்படியான நெல் வயலில் குழுவாக வேலை செய்கிறவர்கள் மண்வெட்டியின் வீச்சுக்கு ஏற்பப் பாடுகிறார்கள். ஒருவர் தொடங்க, மேல் வயலிலிருந்து இன்னொரு குரல் வந்து சேரும். வேலைப் பாட்டில் வேலையின் ஓசையை வெட்டி எறியக் கூடாது என்பது அந்தப் படத்தைப் பார்த்தாலே புரியும்.

சரி, செய்முறை. போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். பதிவுச் செயலியில் வேவ் (WAV) வடிவமும் 48 கிலோஹெர்ட்ஸும் தேர்ந்தெடுங்கள், இரைச்சல் குறைக்கும் வசதி எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். அது பாட்டியின் குரல் நடுக்கத்தையும் இரைச்சல் என்று நினைத்துத் தின்றுவிடும். போனை அவர் நெஞ்சு உயரத்தில், ஒரு முழம் தள்ளி, வாய்க்கு நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் பிடியுங்கள். மலைக்காற்று மைக்கில் அடித்தால் பிறகு சரி செய்யவே முடியாது, அதனால் காற்றுக்கு முதுகு காட்டி நீங்கள் மறைப்பாக நில்லுங்கள். முதல் பதிவை வேலையின் நடுவிலேயே எடுங்கள், இலை உரசலும் பழம் கூடையில் விழும் ஓசையும் இருக்கட்டும். இரண்டாவது பதிவை அவர் வீட்டுத் திண்ணையில், நிதானமாக. பாட்டு முடிந்ததும் உடனே நிறுத்தாமல் அரை நிமிடம் ஓட விடுங்கள். அந்த அரை நிமிடத்தில்தான் ‘இது எங்கம்மா பாடினது’ என்று ஏதாவது வரும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் ‘மலையாளி’ என்ற பழங்குடி மக்கள் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாகத் தங்கள் முன்னோர் கதையைச் சொல்வார்கள். பாட்டில் அப்படி ஊர்ப்பெயரோ ஆள்பெயரோ வந்தால், பாட்டு முடிந்த பிறகு அது யார், எங்கே என்று கேட்டு அதையும் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் உங்கள் குரலில் தேதி, இடம், அவர் விரும்பிய விதத்தில் அவர் பெயர்.

பின்னணி இசை எதுவும் சேர்க்காதீர்கள். ஒரு பிரதியை அவர் பேரப்பிள்ளைகள் யாருடைய போனிலாவது போட்டு, அவர் முன்னாலேயே ஓட விட்டுச் சரி பாருங்கள். இன்னொன்றை உங்கள் கணினியில், மூன்றாவதைப் பென் டிரைவில். வெளியே கொடுப்பது பற்றி அவர் சரி என்று சொன்ன பிறகு எழுதுங்கள், வரிகளைச் சரிபார்க்க நான் உதவுகிறேன்.